ஒட்டுவாரொட்டி

"உள்ள வராதீங்க, ஒட்டிக்கிடும்!"

ராஜபாளையத்தில் தன் வீட்டு கேட்டை மறித்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சுப்புராஜ். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். லீவு போட்டுவிட்டு இந்தக் காவல்.

உள்ளே அவர் மனைவி தங்கபாய். மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, கீமோ ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நலம் விசாரிக்க வந்த எதிர்வீட்டு மாரீஸ்வரி, "ஒட்டுமா!" என்றாள். ஆப்பிள் பையை கேட்டிலேயே மாட்டிவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே ஓட்டம். உள்ளே விட்டிருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இதே வியாதியில் யார் யார் செத்தார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

கிருஷ்ணன்கோவில் மச்சான் வைகுண்டராஜ் பைக்கை நிறுத்தவே இல்லை. ஹாரன் அடித்து நலம் விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஆட்டோவை விட்டு இறங்கினாள் தங்கபாயின் தங்கச்சி ஜாஸ்மின். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாவோடு வந்தவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வெக்கமா இல்ல அத்தான்? கேன்சர் எங்கயாச்சும் ஒட்டுமா? கட்டுன பொண்டாட்டியைத் தெரு முழுக்க அசிங்கப்படுத்துதீங்களே! அக்கா மனசு என்ன பாடுபடும்?"

"ஒட்டாதுன்னு எனக்கும் தெரியும்மா."

"பொறவு?"

சட்டைப்பையிலிருந்து ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார் சுப்புராஜ்.

"இந்த வெள்ளையணு நாலாயிரத்துக்கு மேல இருக்கணும். உங்கக்காவுக்கு வெறும் தொள்ளாயிரம். ஊசி போட்டதுல இறங்கிட்டு. இப்ப யாரோட சளி, இருமல் பட்டாலும் உசுருக்கே ஆபத்தாம். இது ஏறுற வரைக்கும் ஒருத்தரையும் அண்டவிடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஜாஸ்மினுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை.

"அந்த உண்மையைச் சொல்ல வேண்டியதுதான? எதுக்கு இம்புட்டுப் பெரிய பொய்?"

"முதநாள் உண்மையைத்தான் சொன்னேன். 'எங்களுக்கு என்ன சீக்கா?'ன்னு கோவிச்சுக்கிட்டாங்க. பதினாலு பேரு உள்ள போயி, அவ கன்னத்தைத் தடவி, நல்லா இருமி, காப்பியும் குடிச்சிட்டுத்தான் கிளம்புனாங்க."

"ஏட்டி, அத்தானை வையாத!" ஜன்னலுக்குள்ளிருந்து தங்கபாயின் சிரிப்பு கேட்டது. "யோசனை என்னுதுதான். 'உங்களால எனக்கு ஆபத்து'ன்னு சொன்னப்ப ஒருத்தரும் நகரல. 'என்னால உங்களுக்கு ஆபத்து'ன்னு மாத்திச் சொன்னோம் பாரு, தெருவே காலியாயிருச்சு!"