மூன்றாம் கோப்பை

இரண்டாம் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி தேநீர் எடுத்து, அறைக்கே கேட்கும்படி உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றித் தொட்டியில் துப்பினாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எதிரே நின்றவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பூ வாசனை இருக்கு. ஆனா நிக்கல, ஓடிப்போயிருது" என்றாள்.

பக்கத்தில் நோட்டோடு நின்ற முதலாளி பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

அவளுக்குப் பூ வாசனையும் தெரியவில்லை, புண்ணாக்கு வாசனையும் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அலுவலகத்தில் பாதிப் பேரைப் படுக்கப் போட்ட காய்ச்சல், போகிற போக்கில் அவள் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. கசப்பும் துவர்ப்பும் மட்டும் நாக்குக்குத் தெரிந்தன. மற்றபடி எல்லாம் வெந்நீர்தான்.

சீனத் தேயிலை வரவழைத்து விற்கும் அந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக ருசி பார்ப்பதுதான் அவள் வேலை. நாளுக்கு நாற்பது கோப்பை. முன்பெல்லாம் சாயங்காலம் கால் மட்டும்தான் வலிக்கும். இப்போது காலையில் கரண்டியைத் தொடும்போதே அலுத்துப் போகிறது. பொய் சொல்வது இவ்வளவு உடம்பு நோகிற வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்படியும் இரண்டு மாதம் வண்டி ஓடியதென்றால், அது எதிரே நின்றவரின் புண்ணியம். கம்பெனியின் இரண்டாவது ருசிக்காரர். எல்லோரும் அவரை 'மோப்பம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரம் பட்ட பெட்டி ஒன்று கிடங்கில் இருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிற ஆள். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத முகம் வேறு. புருவம் ஏறினால் நல்ல சரக்கு, உதடு கோணினால் குப்பை.

மூத்தவள்தான் முதலில் வாய் திறக்க வேண்டும் என்பது அந்த அறையின் வழக்கம். அவள் மோப்பத்தின் முகத்தைப் படித்துவிட்டு வாய் திறந்தாள், அவ்வளவுதான் விஷயம். முன்பு பத்துக் கோப்பைக்கு நாலிலாவது அவளோடு மல்லுக்கு நிற்பவர், காய்ச்சலுக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் "அக்கா சொன்னதுதான்" என்று தலையாட்டினார். இளைத்துப் போனவளிடம் சண்டை போட மனசு வரவில்லை போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த இரக்கம் அவளைக் கூச வைத்தது.

இன்றைக்கு விளையாட்டில்லை. ஐந்து ஊலாங் தேயிலை மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வருடம் முழுக்க அந்தச் சரக்குத்தான். போன வருடம் மாதிரி சொதப்பினால் இந்தப் பிரிவையே இழுத்து மூடிவிடுவேன் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். மூடினால் இவர்கள் இருவரோடு, பக்கத்து அறையில் பொட்டலம் கட்டுகிற ஆறு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாவது மாதிரி மிளகு மாதிரி உருண்டு கிடந்தது. முதல் தண்ணீரை ஊற்றி அலசிக் கொட்டினாள். இரண்டாம் தண்ணீரில் இலை சோம்பல் முறித்துப் பிரிந்தது, ஓரத்தில் சிவப்பும் நடுவில் பச்சையுமாக. நிறம் வெளிர்த் தங்கம். பார்வைக்கு ஐந்தும் அக்கா தங்கைகள் போலத்தான் இருந்தன.

பதற்றத்தில் ஆற விடாமல் உறிஞ்சிவிட்டாள். நாக்கு சுரீரென்று சுட்டு, இரண்டு புருவமும் நெற்றிக்கு ஏறின. நல்ல வேளையாக முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோப்பமும் கரண்டியை எடுத்து உறிஞ்சினார். அவர் புருவமும் ஏறியது. இத்தனை உயரம் ஏறி அவள் பார்த்ததே இல்லை.

அவளுக்கு உயிர் வந்தது. நாலையும் ஐந்தையும் சாங்கியத்துக்கு உறிஞ்சித் துப்பினாள். "மூணு" என்றாள்.

"மூணேதான். சந்தேகமே இல்ல" என்றார் மோப்பம்.

முதலாளி நோட்டை மூடிவிட்டு, போனில் பேசி முடிப்பதற்குப் பக்கத்து அறைக்குப் போனார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஈர இலைகள் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. இனிமேல் ஒரு கோப்பைகூட முடியாது என்று தோன்றியது. இந்த மனிதரையாவது ஏமாற்றாமல் போகலாம் என்று முடிவு செய்தாள்.

"தம்பி, நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு நின்னுக்கறேன். என் எடத்துக்கு நீங்க வாங்க" என்றாள். அவர் விழித்தார். "எனக்கு ரெண்டு மாசமா வாசனையே தெரியல. உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் ஒவ்வொண்ணுக்கும் சொன்னேன். இந்த மூணாவதும் அப்படித்தான்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. கூடவே, மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதியும் வந்தது. கோபப்பட்டாலும் படட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

கோபம் இல்லை. முகம் வெளுத்திருந்தது. கையால் துழாவிப் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்தார். பக்கத்து அறையில் முதலாளி, மொத்தச் சரக்கையும் அனுப்பிவிடச் சொல்லிப் போனை வைப்பது கேட்டது.

மோப்பம் மூன்றாம் கோப்பையைப் பார்த்தார்.

"அக்கா... நான் உங்க மூஞ்சியத்தானே பாத்துட்டிருந்தேன்."