முழங்கால் மரியாதை

கயோடே தன் நாவலின் கடைசி அத்தியாயத்தை வாசிக்க, கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதி நூலகத்தில் கூடியிருந்த நாற்பது பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

பின் வரிசையில் முத்தோனி மட்டும் கொட்டாவி விட்டாள். வேண்டுமென்றே, வாயைப் பொத்தாமல்.

நைஜீரியப் பையன், கென்யப் பெண், லண்டன் காதல். கதை இவ்வளவுதான். அதற்கு முந்நூற்றிருபது பக்கம்.

அந்தக் கென்யப் பெண் முத்தோனிதான். பதினொரு வருடத்துக்கு முன் இதே கயோடே அவளுக்கு மோதிரம் போட்டான். மூன்றே மாதத்தில் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

நாவலில் அவளுக்கு ரோஸ் என்று பெயர். ஒரு பெயர் தேடக்கூட மனிதன் மெனக்கெடவில்லை. ரோஸுக்குக் கழுத்து நீளமாம், நடை மானுடையதாம். கென்யா என்றதும் இவனுக்கு மிருகக்காட்சிசாலை ஞாபகம் வந்திருக்கிறது.

கதாநாயகன் காதலுக்காகத் தேம்ஸ் பாலத்தில் மூன்று நாள் நின்று அழுகிறான். முத்தோனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த கயோடே, குழம்பில் உறைப்புக் குறைந்தால் மட்டும் கண் கலங்குகிறவன்.

இப்போது முக்கியமான இடம் வந்தது. லாகோஸிலிருந்து வந்திருக்கும் தாய் வாசலில் நிற்கிறாள். அவர்களுடைய யொரூபா இன வழக்கப்படி, மருமகளாக வரப்போகிறவள் முழங்காலிட்டு வணங்க வேண்டும். ரோஸோ நிமிர்ந்து நின்று கையை நீட்டுகிறாள். எங்கள் ஊரில் இதுதான் மரியாதை என்கிறாள். தாயின் நெஞ்சு உடைகிறது. கல்யாணம் நின்றுபோகிறது.

இது அவன் பதினொரு வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதை. அதை நம்பி, சேர்ச் ஆராதனையில் முத்தோனியோடு ஒரே வாங்கில் அமர்ந்திருந்தவர்கள் எழும்பி வேறு வாங்குக்குப் போனார்கள். வாய்ப்பேச்சாக இருந்தவரை பொறுத்துக்கொண்டாள். இப்போது அச்சடித்து, அட்டை போட்டு விற்கிறான். நாலு பேர் முன்னால் இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்றுதான், ஹீத்ரோவில் வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் ரயில் ஏறி வந்திருந்தாள்.

கைதட்டல் அடங்கியதும், செவன் கிங்ஸிலிருந்து வந்திருந்த சுவர்ணா அன்ரி மைக்கை வாங்கினார். அன்ரிக்கு அழுது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒருக்கா முழங்காலில இருந்திருந்தா அந்தப் பிள்ளைக்கு என்ன குறைஞ்சு போகும்? திமிர்தானே?"

கயோடே பெருந்தன்மையாகப் புன்னகைத்தான். அவள்மேல் தனக்குக் கோபமில்லை, அவளை மன்னித்துத்தான் இந்த நாவலை எழுதியதாகச் சொன்னான்.

மன்னிப்பாம்!

அதற்கும் கைதட்டினார்கள். முத்தோனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. எழுந்து நின்றாள். அவளைக் கண்டதும் அவனுடைய புன்னகை பாதியில் நின்றுவிட்டது.

"அவள் கொட்டுற மழைக்குள்ள முழங்காலில இருந்தபோது, உங்கட கதாநாயகன் என்ன செய்துகொண்டிருந்தவர்?"

கூட்டத்தை நடத்திய பெண் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினாள். கதையில் ரோஸ் முழங்காலிடவே இல்லையே, நீங்கள் சரியாகக் கேட்கவில்லை போலும் என்றாள். சிலர் சிரித்தார்கள்.

முத்தோனி அவள் பக்கம் திரும்பவே இல்லை. அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு தடவை கேட்டாள்.

கயோடே தண்ணீர்ப் போத்தலைத் திறந்தான், மூடினான். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். மைக் சட்டையில் குத்தியிருந்தபடியால் அது பின் வரிசைவரை கேட்டது.

"குடைக்குள்ள நிண்டனான்."