முகம் தெரிய ஒரு சாவு

“முகம் தெரிஞ்சுட்டா அப்புறம் உன்னை எப்படிப்பா மறுபடி கொல்றது?” என்று சிரித்தார் நாயக நடிகர்.

சாமுராய் படங்களில் வெட்டுப்பட்டுச் சாவதுதான் கோஹேயின் வேலை. கேமராவுக்கு முதுகு காட்டித்தான் விழ வேண்டும். அப்போதுதான் பொய்முடியை மாற்றிக்கொண்டு, அடுத்த காட்சியில் வேறொரு வீரனாக வந்து மறுபடி சாக முடியும். முகம் தெரிந்துவிட்டவனுக்கு அந்தப் படத்தில் அதன்பின் வேலை கிடையாது. இருபது வருடங்களில் ஒரு திரையிலும் கோஹேயின் முகம் வந்ததில்லை.

“இந்தப் படத்துல எனக்கு இந்த ஒரு சாவு போதுங்க ஐயா.”

“யார் பாக்கணும்? பழைய காதலியா?”

“எங்க அண்ணன்.”

வாளைத் துடைத்துக்கொண்டிருந்த நடிகரின் கை நின்றது.

கோஹே செய்த திருட்டைத் தான் செய்ததாகச் சொல்லி அண்ணன் சிறைக்குப் போனான். கோஹே ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. வெளியே வந்த அண்ணன் எந்த ஊரில் இருக்கிறான் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

“வாள்சண்டைப் படம்னா எங்க இருந்தாலும் போயிடுவான்” என்றான் கோஹே.

செட்டில் செயற்கை மழை பெய்யத் தொடங்கியது. இருவரும் எதிரெதிரே போய் நின்றார்கள். நடிகர் வாளை ஓங்கினார். இயக்குநரின் கை உயர்ந்தது.

“ஐயா, எனக்கு வலப்பக்கமிருந்து வெட்டுங்க” என்றான் கோஹே, உதடு அசையாமல். “கேமரா பக்கம் திரும்பி, அவனுக்கு ஒரு தடவை தலை குனிஞ்சுட்டு விழுந்துடறேன்.”