எதிராளி ஏற்றிய விளக்கு

“இதையா ரெண்டு வருஷமா உட்கார்ந்து செஞ்சான்? எங்க வீட்டு மீன்தொட்டி இதைவிட நல்லா இருக்கும்” என்றார் பஹ்கத்.

நக்வா மேசையைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். “இங்கே வெச்சுப் பாருங்க உஸ்தாத். வெளிச்சம் நல்லா இருக்கும்.”

வெளிச்சம் எங்கேயும் இல்லை. அலெக்சாண்ட்ரியாவின் குளிர்காலப் புயல் கடலை அள்ளித் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. பட்டப்பகலிலேயே இருட்டு.

கட்டிலில் கிடந்தார் ஷுக்ரி, நக்வாவின் கணவர். துறைமுகத்தில் கப்பல்களுக்கு மின்வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் இந்த மேசையே கதி என்று ஆகிவிட்டது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி ஒட்டி, நட்சத்திரங்களுக்கு நடுவே சரக்கு ஏற்றிப் போகும் ஒரு கற்பனைக் கப்பலைக் கட்டினார். முழங்கை நீளம்தான் இருக்கும். ஊசிமுனைத் துளைகள்தான் ஜன்னல்கள். உள்ளே முடி மாதிரிக் கம்பி, கடுகு மாதிரி விளக்கு. எல்லாவற்றையும் இணைத்து எரியவிடுவதற்குள் மூளையில் ரத்தம் கட்டிவிட்டது. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. கோடையில் விழுந்தவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கிடப்பார். மனைவி ஊட்டினால் விழுங்குவார், அவ்வளவுதான்.

அந்த ஊரில் இப்படிக் குட்டி விண்கப்பல் கட்டுகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அதில் ஷுக்ரிக்கு ஆகவே ஆகாத ஒரே ஆள் பஹ்கத். “உன் கப்பல்ல ஒட்டுப் போட்ட இடமெல்லாம் வெளிச்சம் ஒழுகுதே, சல்லடையா?” என்று ஒரு கண்காட்சியில் எல்லார் முன்னாலும் ஷுக்ரி கேட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்தப் பஹ்கத்தைத்தான் நக்வா கூப்பிட்டு உட்காரவைத்திருந்தாள்.

“உள்ளே கறுப்புப் பூசியிருக்கான் பாருங்கம்மா. தார் ரோடு போட்ட மாதிரி!”

“அவருக்கு எதுலதான் பொறுமை இருந்துச்சு? சமையலறை பல்பு மாத்துங்கன்னு நான் தொண்டை வத்தக் கத்தினேன். இதுக்கு மட்டும் விடிய விடிய நேரம் இருந்துச்சு.”

“இந்தக் கம்பியெல்லாம் வேலைக்காகாது.” பஹ்கத் சின்னக் குறடு ஒன்றை உள்ளே விட்டுப் பிடுங்கினார்.

கட்டிலில் மூச்சு சர்ரென்று ஏறி இறங்கியது. பஹ்கத்தின் கை அப்படியே நின்றது.

“நிறுத்தாதீங்க” என்றாள் நக்வா.

அவர் மறுபடி பிடுங்கினார். பிடுங்கியதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் பற்றவைத்தார். உருகும் ஈயத்தின் புகை கட்டில் பக்கம் போயிற்று.

“கண்காட்சியில யார் பேர்ல வைக்கப்போறீங்க?” நக்வாவின் குரல் தேவைக்கு மேல் உரக்க ஒலித்தது.

“வேற யார் பேர்ல? என் பேர்லதான்.”

“தாராளமா வெச்சுக்குங்க. இங்கே கிடந்தா தூசிதான் படியும். இனிமே இதைத் தொட யார் இருக்கா?”

ஷுக்ரியின் கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுப்பக்கம் வழிந்தது. நக்வா பார்த்தாள். துடைக்கவில்லை. விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். அங்கே குழாய் வெகுநேரம் கொட்டிக்கொண்டே இருந்தது.

அவள் தேநீரோடு வந்தபோது முகம் கழுவியிருந்தாள். பஹ்கத் தேநீரைத் தொடவில்லை. அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது. கட்டில் பக்கம் ஒரு தடவைகூட அவர் தலையைத் திருப்பவில்லை.

“பக்க விளக்கு ரெண்டும்தான் பாக்கி” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. பச்சை விளக்கைக் கப்பலின் இடப்பக்கம் வைத்தார். சிவப்பை வலப்பக்கம் வைத்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும், அது தலைகீழ் என்று.

சுவிட்சைப் போட்டார்.

ஜன்னல்கள் வரிசை வரிசையாகக் கண் விழித்தன. அந்த இருட்டு அறையில், இரவு நேரத்து ஊர் ஒன்று மேசைமேல் மிதப்பது போல இருந்தது. பச்சையும் சிவப்பும் மட்டும் இடம் மாறி எரிந்தன.

“எப்படி?” என்றார் பஹ்கத்.

நக்வா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “பிரமாதம். அவர் செஞ்சிருந்தா இப்படி வந்திருக்காது.”

“க... கழு...”

இருவரும் திரும்பினார்கள்.

ஷுக்ரியின் முகம் சுவரை விட்டுத் திரும்பியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இடது கை போர்வையை உதறிவிட்டுக் கப்பலை நோக்கி நீண்டது.

“கழுதை! சிவப்பு... இடது! இடதுடா... கழுதை!”

பஹ்கத்தின் கையிலிருந்து குறடு நழுவியது. நக்வா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

“போதும் உஸ்தாத். பேச்சு திரும்பினா வசவுதான் முதல்ல வரும்னு டாக்டர் சொன்னது நிஜம்தான். அவருக்குக் கோபம் வர வைங்கன்னு நான் காலைப் பிடிக்காத குறையா உங்ககிட்ட கேட்டதை நீங்க செஞ்சு முடிச்சிட்டீங்க.”

பஹ்கத் கட்டிலருகே மண்டியிட்டு ஷுக்ரியின் இடது கையைத் தன் ஈரக் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். “திட்டுடா... இன்னும் திட்டு.”