அசையாத மூக்கு

“என்கிட்ட பேசுறப்பவாவது என் முகத்தப் பாரேன், கேலம்” என்றாள் மரமா.

“சரி, மரமா” என்றான் கேலம், கணினியைப் பார்த்துக்கொண்டே.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. வெலிங்டனின் அந்தச் சின்ன அலுவலகத்தில் பக்கத்து மேசையிலிருந்த அவன் இன்னும் நிமிரவில்லை. கண்களை முழுவதும் மூடி மெய்நிகர் காட்சி காட்டும் வி.ஆர். கண்ணாடியில் கப்பல் பயணம் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றாமலிருக்க, காட்சியின் அடியில் அசையாத மூக்கு ஒன்றை வரைந்து வைப்பது அவன் வேலை. கண்ணுக்கு அது ஒரு பிடிமானம்.

அவன் பாராமுகத்தில் வெறுத்துப்போய் மரமா ஆக்லாந்தில் வேலை தேடிக்கொண்டாள். இன்று இங்கே கடைசி நாள்.

“போறதுக்குள்ள ஒரு தடவ போட்டுப் பாரு.” தரையைப் பார்த்தபடி கண்ணாடியை நீட்டினான்.

“கார்ல போனாலே வாந்தி எடுக்கிறவ நான். வாளிய பக்கத்துல வை.”

அலை எழுந்தது, கப்பல் சாய்ந்தது. வயிறு புரளவில்லை. மூக்கு மட்டும் அசையாமல் நின்றது. அதன் இடப்பக்கம், சிறுவயதில் துடுப்பு பட்ட தழும்பு.

“இது என் மூக்கு.”

“ஆமா.”

“இதப் போட்டுப் பாத்தவங்க எல்லாம் என் மூக்கோடவா கப்பல் ஏறினாங்க? என்னப் பாக்கவே மாட்டியே, தழும்பு எப்படித் தெரியும்?”

“நீ பாக்காதப்ப பாப்பேன்.”

கண்ணாடியை அவள் கழற்றவில்லை. அந்தத் தைரியத்தில் அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னான்:

“போகாத, மரமா. என்கூடவே இருந்துடு.”