டோக்கன் மாறிய நாள்

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்கள், காலையில் தங்கள் குதிகால் வலியை வாசல் கவுண்டரில் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போகும்போது வலியைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

அன்று மாலை வலியை வாங்கிய பியூலா, இரண்டடி வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குதிகாலில் ஆணி இறங்குவதுபோல இருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி வலித்ததேயில்லை.

பட்டுப் பிரிவில் நிற்கும் கோமதி வெளியிலிருந்து திரும்பி ஓடிவந்தாள்.

“டோக்கன் மாறிட்டுக்கா. நீங்க வாங்கினது என்னோடது. வாங்க, மாத்திருவோம்.”

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“பஸ் ஸ்டாப் வரைக்கும் வலியே தெரியாம நடந்துட்டேன்க்கா.”

தினமும் பஸ்ஸில், “உங்களுக்குக் கால் வலிக்கும், உக்காருங்கக்கா” என்று எழுந்து பியூலாவுக்கு இடம் கொடுப்பவள் கோமதிதான்.