பலாமரத்தடிப் பூவேலி

குடியை நிறுத்தும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே என் வீட்டுக்காரர் பலாமரத்தடியில் வேலி வைக்க ஆரம்பித்தார். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ என்று கம்புகளை வெட்டி வந்து வரிசையாக ஊன்றினார்.

"இந்த நிழல்ல எங்க பூக்கப்போகுது?" என்றேன்.

"எல்லாத்தையும் கலந்து வெச்சா ஒண்ணாவது பிடிக்காதா, தனம்?"

அவர் வேலைக்குக் கிளம்பியதும் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஒவ்வொரு கம்பாக உருவி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஊன்றுவேன். சாயங்காலம் அவர் வந்ததும், சாப்பாட்டுப் பையை வாங்குகிற சாக்கில் நெருங்கிப் போய் வாயை மோந்து பார்ப்பேன். இருபது நாளாக இதே வேலை.

இன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த என் கையில் நந்தியாவட்டைக் கம்பு. அதன் அடியில் வெள்ளையாக, நூல் மாதிரி ஒரே ஒரு வேர்.

"தினமும் பிடுங்கிப் பாத்தா அது எப்படிப் பிடிக்கும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து முகத்தை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். "ஊதிக் காட்டட்டா, ஏட்டம்மா?"

வேர் ஒடியாமல் கம்பைக் குழிக்குள் இறக்கி இரண்டு கையாலும் மண்ணை அணைத்தேன். அவர் ஊதினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.